மாற்றப்பட்ட ஒரு கேள்வி

வெள்ளம் வடிந்த கிழமை, சாய்ந்தமருதில் நான் வேலை செய்த சிறிய நிவாரண அமைப்பு, சம்மாந்துறை விவசாயிகளுக்கு விதைநெல் கொடுக்க முடிவெடுத்தது. அதற்கான இணையப் படிவத்தைத் தயாரித்தவள் நான். ‘எத்தனை ஏக்கர் அழிந்தது?’ என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது, பதில்கள் குவிந்தன.

மூன்றாம் நாள் காலை பதில்களைத் திறந்தேன். கேள்வி ‘எத்தனை ஏக்கர் விதைத்தீர்கள்?’ என்று மாறியிருந்தது. அதன் கீழே வரிசையாக எண்கள். எது பழைய கேள்விக்கு வந்தது, எது புதியதற்கு வந்தது என்று தெரியவில்லை.

எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். படிவத்தைத் திருத்தும் அனுமதியை மரியாதைக்காக அவருக்கும் கொடுத்திருந்தேன். அவரிடமே கேட்டேன்.

“ஒரு சொல்லைத்தானே மாத்தின, புள்ள. அதுக்கேன் இந்தப் பதட்டம்?”

“எத்தின மணிக்கு சேர்? நேரம் தெரிஞ்சா பிரிச்செடுக்கலாம்.”

“நேத்து... ளுஹர் தொழுகைக்கு முன்னயா, அசர் தொழுகைக்குப் பிறகா... ஞாபகமில்ல.”

மதியத்துக்கும் மாலைக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் நிரப்பியிருந்தார்கள். கத்த வேண்டும்போல் இருந்தது. வந்த பதில்களை அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வைக்காத என் மீதும் எரிச்சல்.

இரண்டு நாள் ஒவ்வொருவராக அழைத்தேன். “ஒரு கேள்விய எத்தின தரம் கேக்கிற?” என்று பலர் சலித்துக்கொண்டார்கள். தொடர்பு கிடைக்காதவர்களை முதல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றார் செயலாளர். விதைநெல் ஏற்றிய முதல் லொறி போய்விட்டது.

அடுத்த நாள் ஒரு விவசாயி அலுவலகத்துக்கே வந்தார். படிவத்தை நிரப்பிய மறுநாள் அவருடைய தொலைபேசி பழுதாகிவிட்டதாம். கேள்வி மாறிய கதையைச் சொன்னேன்.

“நான் ஆறு ஏக்கர் எண்டு போட்டன் மகள். விதைச்சதும் ஆறு, தண்ணியோட போனதும் ஆறு. இதுல என்ன விளங்கல்ல?”

எந்தக் கேள்விக்கு வைத்துப் பார்த்தாலும் அவர் பதில் சரி. அப்படிப்பட்டவரைத்தான் விட்டிருந்தோம்.

அன்றே செயலாளருக்குக் கொடுத்திருந்த திருத்தும் அனுமதியை நீக்கினேன். பழைய படிவத்தை மூடி, ‘இரண்டாம் பதிப்பு’ என்று தலைப்பிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தேன். இனி எந்தத் திருத்தமும் திகதியோடு என் கொப்பியில் பதிந்த பிறகுதான் என்றேன். அவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இரண்டாவது லொறி பத்து நாள் கழித்துத்தான் வந்தது. அந்த விவசாயியின் மூட்டைகளை நானே கொண்டுபோனேன். பக்கத்து வயல்களில் முளை பச்சையாகத் தெரிந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்க காக்கா,” என்றேன், மூத்த அண்ணனிடம் சொல்வதுபோல.

“முந்தியே தந்திருந்தா நானும் அவங்களோட விதைச்சிருப்பன்,” என்றார். பிறகு ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார்.