ஆற்றைத் தாண்டி வந்த கட்டைவாலன்

ரப்பர் பால் மங்கு வைத்து எலி பிடிப்பது எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் பீடோர் பக்கத்து எங்கள் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், மரத்தில் பால் பிடிக்கும் கண்ணாடிக் கோப்பைகள் சும்மா கிடந்தன. அவற்றைத்தான் மங்கு என்போம். ஒன்றைக் கவிழ்த்து, ஓரத்தில் குச்சியை முட்டுக்கொடுத்து, அதன் நுனியில் சுட்ட மரவள்ளித் துண்டைச் செருகிவிட வேண்டியதுதான். சுண்டெலி இழுத்ததும் மங்கு டப்பென்று விழும். எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிட வேறென்ன ஆனந்தம் வேண்டும்!

கற்றுத் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கால் ஊனம் என்பதால் சயாமுக்கு ரயில் பாதை போட அவரைக் கூட்டிப்போகவில்லை. அப்பாவைக் கூட்டிப்போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். வருடம் ஒன்றாகியும் ஒரு சேதியும் இல்லை. அம்மா அப்பாவைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தாள்.

பிடித்த எலியை அடித்துவிட வேண்டும் என்பது மாமாவின் கட்சி. "கெடைக்கிற அரிசி கஞ்சிக்கே பத்தல. இதுக்கு வேற பங்கா?" என்று கட்டையைத் தூக்குவார்.

"பிள்ளையார் வாகனம் லா தம்பி, கொல்லாதே. பாப்பா, ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வா" என்பாள் அம்மா.

மங்கின் அடியில் தகரத்தை நைசாகச் சொருகி, இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். உள்ளே அது சுரண்டுவது கைக்குத் தெரியும். ஆற்றின் குறுக்கே கிடந்த மரத்தில் நடந்து அக்கரைக்குப் போய், லாலான் புல்லில் திறந்துவிட்டால் ஒரே பாய்ச்சல்! இப்படி ஆறு எலிகளை நாடு கடத்தினேன். ஆறாவதற்கு வால் பாதிதான். இடது காதில் ஒரு கிழிசல். கட்டைவாலன் என்று பெயர் வைத்தேன்.

நாலாம் நாள் காலை மங்கு விழுந்த சத்தம். பாய்ந்து போய்ப் பார்த்தால், கண்ணாடிக்குள் அதே அரை வால், அதே கிழிந்த காது!

"அம்மா! கட்டைவாலன் ஆத்தைத் தாண்டி வந்துட்டாம்மா!" லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கக் கத்தினேன்.

மாமா கட்டையோடு வந்தார். "பாத்தியாக்கா, நான் அப்பவே சொன்னேன்லா?"

அம்மா கட்டையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். மங்கின் அருகே உட்கார்ந்து வாலைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். தன் பங்கு மரவள்ளி முழுவதையும் கொண்டுவந்து வைத்து, மங்கைத் தூக்கினாள். கட்டைவாலன் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டான். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கூத்தாடாத குறையாக நானும் சிரித்தேன்.

அதன் பிறகுதான் தொல்லை. கஞ்சி ஊற்றும்போதும் கேட்டாள், துணி துவைக்கும்போதும் கேட்டாள். "நெசமாவே அக்கரையிலதானே விட்டே? நாலு நாளு என்னத்தத் தின்னிருக்கும்? வழி எப்படி லா தெரிஞ்சிருக்கும்?"

பாதியிலேயே விட்டுவிட்டுப் பொய் சொல்கிறேன் என்று என்மேல் சந்தேகம் என்றுதான் நினைத்தேன். தலையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்தேன். அப்போதும் கேட்பதை அவள் நிறுத்தவில்லை. எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் அம்மாவோடு பேசவே இல்லை.