அவைக் குறிப்பிலிருந்து நீக்கிய கேள்வி

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினார்கள். நான் சபாநாயகர். குரல் நடுங்காமல் பேசுவேன், எதையும் எண் போட்டு மனப்பாடம் செய்துவிடுவேன். ஒன்று, மக்களவை உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு, மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று, பண மசோதாவை மக்களவையில்தான் கொண்டுவர முடியும். நான்கு, அவையில் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. உறுப்பினரின் உரிமையைக் காப்பது சபாநாயகரின் பொறுப்பு. ஐந்து, அவைக் குறிப்பிலிருந்து சொற்களை நீக்க சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது.

எதிர்க்கட்சித் தலைவர் என் பக்கத்தில் உட்காரும் தோழி. அவள் அம்மா மலைக்கு மேலே, கேரளா பக்கம், ஏலக்காய் பறிக்கும் வேலைக்குப் போய்வருவார். சின்னமனூரிலிருந்து தினமும் அவரை ஏற்றிப்போனது எங்கள் அப்பாவின் ஜீப்.

நாடாளுமன்ற விழாவுக்கு நாற்காலிகளை இலவசமாக ஏற்றிவந்து இறக்கியதால் அப்பாவுக்கு முன்வரிசையில், தலைமையாசிரியர் பக்கத்தில் இடம். கேள்வி நேரம் வந்தது. டீச்சர் எழுதிக்கொடுத்திருந்த கேள்வி நதிநீர் இணைப்பு பற்றியது. அவள் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு அமைச்சரைப் பார்த்தாள்.

"தோட்டத்துக்குப் போற ஜீப்புல எத்தனை பேர ஏத்தலாம்னு அமைச்சர் சொல்லணும். எங்கம்மா பின்னாடி கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போறாக."

அமைச்சராக இருந்த பையன் தன் தாள்களைப் புரட்டினான். பெற்றோர் பக்கமிருந்து, ஜீப்காரரே இங்கன உட்கார்ந்திருக்கிறாரே, அவரையே கேளு தாயி என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நான் மணியடித்தேன். பட்டியலில் இல்லாத கேள்வி, அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றேன். நல்ல கைதட்டல். குறிப்பெடுத்த பிள்ளை ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா கோபமே இல்லாமல் கேட்டார்.

"அது யாரு மக, ஆத்தா?"

நான் வரிசையாகச் சொன்னேன். அவள் அம்மாவின் பெயர், தெரு, ஜீப் ஏறும் இடம். எதையும் விடவில்லை. அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள், ஆள் அதிகம் என்று உன் மகளே சொல்லிவிட்டாளே, இறங்கிக்கொள் என்று அவள் அம்மாவை மட்டும் அப்பா இறக்கிவிட்டார். மற்றவர்கள் எப்போதும்போலத் தொங்கிக்கொண்டுதான் போனார்கள். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், வேறு ஜீப்காரர்களும் அவரை ஏற்றவில்லை. இதெல்லாம் வகுப்பில் பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டேன்.

அவள் கடைசி பெஞ்சுக்கு மாறிப் போனாள். கேள்வியை நீக்கிய கோபம் என்றே நினைத்தேன். அதற்குத்தான் வழி இருக்கிறதே என்று அவளிடம் போய், டீச்சரிடம் சொல்லி அதைக் குறிப்பில் திரும்பச் சேர்க்கட்டுமா என்று பெருந்தன்மையாகக் கேட்டேன்.

"வேணாம்" என்றாள் அவசரமாக. "எங்கம்மா பேர எங்கயும் எழுதிராத."

ஒரு நோட்டுக்கு இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியம்.

அரையாண்டுத் தேர்வில் உறுப்பினர்களின் சிறப்புரிமைகள் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான்காவதை ஒரு சொல் பிசகாமல் எழுதினேன். அதைக் காப்பவர் சபாநாயகர் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். முழு மதிப்பெண். எழுதும்போது, இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து அதே கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.