நான் விழுங்கிய ஜாதகம்

வறுத்த கச்சான் கடலையின் உப்பு வாசமும் மழையில் நனைந்து வந்த சட்டைகளின் புழுக்க நெடியும் கலந்து கிடந்த ஈப்போ தியேட்டர் ஒன்றின் முன்வரிசையில், கிழிந்த ரெக்சின் தொடையைக் குத்துவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து, எழுபதுகளின் கடைசியில் என் முதல் உளவுப் படத்தைப் பார்த்தேன். எனக்குப் பதினோரு வயது. கோட்டுப் போட்ட நாயகன் எல்லை தாண்டும் ரயிலில் போகிறான். சிப்பாய்கள் பெட்டி பெட்டியாகச் சோதித்து வருகிறார்கள். அவன் ரகசியக் குறிகள் எழுதிய தாளை எடுத்து, மென்று, விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். பக்கத்திலிருந்த அத்தை மகன் செல்வம், "மச்சான், மூச்ச விடுலா" என்று முதுகில் தட்டிய பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

உண்மையில் நான் படம் பார்க்க வந்தவனல்ல. அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் ஜாதகத்தை, ஈப்போவை ஒட்டிய சிலிபினில் இருந்த அத்தையிடமிருந்து வாங்கிவர அப்பா என்னை ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏற்றிவிட்டிருந்தார். அத்தை அதை மடித்து என் சட்டைப்பையில் வைத்து ஊக்குக் குத்தி அனுப்ப, வழியில் செல்வம் என்னைத் தியேட்டருக்குள் இழுத்துப் போய்விட்டான்.

அக்காவுக்குச் "செவ்வாய் தோஷம்". மாப்பிள்ளைக்கும் அப்படியே இருந்தால்தான் சேரும், இல்லையென்றால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. "இதுவும் சேரலன்னா பேசாம பாகான் செராய் மாமனுக்கே குடுத்துடுவோம்" என்று அப்பா சொல்லியிருந்தார். மாமன் நாற்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். அக்காவோ சிலிபின் பட்டறையில் கார் பழுது பார்க்கும் இந்த மாப்பிள்ளையைத் தைப்பூசத்தன்று பார்த்த நாளிலிருந்து, எங்கள் லயத்து வீட்டின் கண்ணாடியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

திரும்பும் பஸ், தோட்டத்துக்கு மூன்று மைல் முன்னால் நின்றது. "ரோட் பிளாக்". காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள் இருந்த காலம். துப்பாக்கியோடு சிப்பாய் ஏறுவதெல்லாம் எங்களுக்குப் புதிதல்ல, எத்தனையோ முறை அதை நான் தூங்கியே கழித்திருக்கிறேன். ஆனால் அன்று நான் கோட்டுப் போட்டவனின் ஆளாகிவிட்டிருந்தேன். சிப்பாய் முன்வரிசையில் ஐசி என்ற அடையாள அட்டையைக் கேட்கத் தொடங்கினான். என் பையில் இருப்பதோ பன்னிரண்டு கட்டம் போட்ட தாள், கட்டத்துக்குள் சூ, செ, பு, கு என்று ஒற்றை ஒற்றை எழுத்துகள். இதைத் தமிழ் தெரியாத சிப்பாயிடம் ஜாதகம் என்றால் நம்புவானா? என்னைப் பிடிப்பார்கள், அப்பாவைப் பிடிப்பார்கள், பட்டறையைச் சுற்றி வளைப்பார்கள். ஊக்கைக் கழற்றித் தாளை வாயில் திணித்தேன். நான்கு மூலையிலும் தடவியிருந்த மஞ்சள் கசந்தது. படத்தில் ஒரு நொடியில் இறங்கிய தாள் என் தொண்டையில் குறுக்கே நின்றது. கண்ணில் நீர் முட்டியது.

என் எதிரே வந்து நின்ற சிப்பாய், என்ன சாப்பிடுகிறாய் தம்பி என்று மலாயில் கேட்டான்.

"ரொட்டி," என்றேன், வாயைத் திறக்காமல்.

மெதுவாகச் சாப்பிடு என்று தலையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். என் சட்டைப்பையை அவன் பார்க்கவேயில்லை.

தோட்டத்து முச்சந்தியில் அக்கா காத்திருந்தாள். ரப்பர் பால் வடியும் கித்தா மரத்தடியில் நான் விக்கி விக்கிச் சொல்லி முடிக்கும்வரை அவள் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பேரு, நட்சத்திரமெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"லக்னமும் இருக்குக்கா, அத்த மடிக்கையில பாத்தேன். கட்டத்துலயும் பாதி இருக்கு."

"செவ்வா எங்க இருந்துச்சு?"

"அதான்க்கா தெரியல."

அவள் பக்கத்துக் கடையில் ஒரு தாளும் பேனாவும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஏழுல போடு. அங்க இருந்தா அவருக்கும் தோஷந்தான்."

"நெசமா அங்க இல்லன்னா?"

"ஏழுல போடுறா."

போட்டேன். அப்பா தாளை விளக்கில் பிடித்துப் பார்த்து, "என்ன, கோழி கெளறுன மாதிரி எழுதியிருக்கானுங்க," என்றவர், "பட்டறைக் குடும்பம், அப்படித்தான் இருக்கும்," என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். கோயில் பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டி எட்டுப் பொருத்தம் என்றார். அன்று நான் சோறு தின்னவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

அந்தத் தியேட்டர் இப்போது மெத்தை விற்கும் கடை. கித்தா மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள். செம்பனையையும் வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். சிப்பாய்கள் பஸ்ஸை மறித்த இடத்தில் நாலு வழிச் சாலை ஓடுகிறது, யாரும் யாரையும் நிறுத்துவதில்லை. என் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தனை வருடங்களில் அத்தான் இருமினால் எனக்கு வியர்க்கும். போன வருடம் பித்தப்பையில் கல் என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அறுவை முடியும்வரை தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் அலைந்தவன் நான்தான். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, அவரு எனக்குப் புருஷனா ஒனக்கா? ஒக்காருலா."

உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அத்தான் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு கேட்டார். அவருடைய செவ்வாய் உண்மையில் எங்கே இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை, அக்காவும் கேட்டதில்லை.