அப்பாவுக்கு வந்த விஷக்காய்ச்சல்

இந்த ஊரில் மாத்திரை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் நம் வீட்டுச் சாவுகளை விசாரிக்கிறார்கள். வெளிநாடென்று இங்கே வந்து பதின்மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கரூரில் எங்கள் தெரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், ஊசியைப் போடுவார், அனுப்பிவிடுவார். இங்கே பிடோக்கில் நான் பார்க்கும் மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. என் மறதிக்கும் அலைபாயும் புத்திக்கும் ஏ.டி.எச்.டி. என்று பெயர் இருப்பதை நாற்பத்தோரு வயதில் எனக்குச் சொன்னவர் அவர்தான். புத்தியை ஓரிடத்தில் நிறுத்தும் மாத்திரை இதயத்தையும் கொஞ்சம் விரட்டுமாம், ரத்த அழுத்தத்தையும் ஏற்றுமாம். அதனால் என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா? சின்ன வயதில் திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா? "இல்லை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

என் அப்பா நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் செத்தார். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அதற்கு மூன்று வருடம் முன்பு பெரியப்பாவும் அப்படித்தான் போனார். எழவு கேட்க வந்தவர்களிடம் அம்மா விஷக்காய்ச்சல் என்று சொல்லி அழுதாள். நெஞ்சுவலிக் குடும்பம் என்று பெயர் வாங்கிவிட்டால் இரண்டு பெண்களை யார் கட்டுவார்கள்? நானும் தங்கையும் அன்றைக்கே மனப்பாடம் செய்துகொண்டோம். டீச்சர் கேட்டால் காய்ச்சல், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் காய்ச்சல். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே பொய்யில் இரண்டு கல்யாணம் முடிந்தது.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. கப்பல் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். எடுத்த கோப்பை அன்றைக்கே முடிப்பது எப்படியிருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. சோம்பேறி, மரமண்டை, புகுந்த வீட்டில் பேர் கெடுக்க வந்தவள் என்று எத்தனை பட்டம்! அத்தனை பேர் வாயிலும் மண் விழுந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். மாத்திரையின் அளவைக் கூட்டிய மூன்றாம் வாரம், ரயில் நிலையப் படியில் நெஞ்சு தடதடவென்று அடித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பட்டையைச் சுற்றியபோது ரத்த அழுத்தம் நூற்று அறுபது காட்டியது. மருத்துவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். பயத்தில் உண்மையைச் சொன்னேன்.

"ஏன் அன்றைக்கு இல்லையென்று சொன்னீர்கள்?"

"எங்கள் ஊரில் இதைச் சொன்னால் கல்யாணம் நடக்காது, டாக்டர்."

அவர் கணினியில் என் விவரத்தைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே?"

இதய நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தினார். அவர் செய்தது சரிதான். ஆனால் இரண்டே நாளில் பழைய மரமண்டை திரும்பி வந்து, ஜகார்த்தா போக வேண்டிய காகிதத்தைக் கொழும்புக்கு அனுப்பினேன். கணவரிடமும் அன்றுதான் அப்பா விஷயத்தைச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா எங்கம்மா வேணாம்னுருப்பாங்க" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கத் தொடங்கினார். என் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசன்.

நிபுணர் என் மார்பில் ஐந்து வில்லைகளை ஒட்டி, ஒயர்களை ஒரு சின்னப் பெட்டியில் இணைத்துவிட்டார். ஒரு நாள் முழுக்க அது துடிப்பைப் பதிவு செய்யும். கூடவே ஒரு படிவம்: படபடப்பு வந்தால் நேரத்தையும் அப்போது என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். அன்றைக்கென்று அம்மா போன் செய்தாள். தங்கை மகளுக்கு நல்ல வரன். மாப்பிள்ளையின் அத்தை இங்கேயே மார்சிலிங்கில் இருக்கிறாராம், இன்று மாலையே என்னைப் பார்க்க வேண்டுமாம். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றாள். "தாத்தா எப்படிப் போனாருன்னு அவளுக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். "சின்னப் பொண்ணுகிட்ட எதுக்குடி அதெல்லாம்?" என்றாள். நான் டாக்டரிடம் தெரிந்தே பொய் சொன்னேன். நாளைக்கு அவளை ஒரு டாக்டர் கேட்டால், உண்மை என்று நம்பியே "இல்லை" என்பாள்.

லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். துப்பட்டாவை இழுத்துப் பெட்டியை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அத்தை நல்ல மனுஷி, எனக்கும் சேர்த்துத் தோசை சொன்னார். பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க லா. அப்பா சின்ன வயசுலயே தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. என்னாச்சு?"

"விஷக்காய்ச்சல்ங்க."

"அட பாவமே. ஹார்ட் கீர்ட் ஏதும் இல்லைல? இப்பல்லாம் அதான் பயமா இருக்கு."

"எங்க வீட்ல யாருக்கும் அதெல்லாம் இல்லைங்க."

சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சு தடதடக்கத் தொடங்கியது. மாத்திரை நின்று இரண்டு வாரம் ஆகிறது, மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. என் மார்பில் தொங்கிய பெட்டிக்கு அப்பா மாரடைப்பில் செத்தவர். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் காய்ச்சலில் போனவர். கை கழுவப் போகிற சாக்கில் படிவத்தை எடுத்து, மாலை ஐந்து பத்து, கடுமையான படபடப்பு என்று எழுதினேன். அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கட்டத்தில், தோசை சாப்பிட்டேன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.