போர்வைக்கு வெளியே அப்பா

எங்கள் அப்பா வடமராட்சியில் பிறந்து, கொழும்பில் படித்து, இளவயதிலேயே கணக்கியல் கற்க லண்டன் சென்றார். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழும்பி எழும்பி நடக்கிறேன். அப்பாவின் நினைவு மலரை அச்சிடுபவர் இன்று பின்னேரத்துக்குள் கட்டுரை வேண்டும் என்கிறார். அப்பாவின் நற்குணங்களை வரிசையாக எழுதித் தரலாம்தான். ஆனால் வேறொரு விடயம் என்னை இருக்கவிடுகிறதில்லை. அதை முதலில் எழுதுகிறேன், உறவுகள் பொறுத்தருள வேண்டும்.

லண்டனில் படிப்புச் செலவுக்காக அப்பா ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு நகைச்சுவைத் தொடர் நடந்துகொண்டிருந்தது. குட்டிக் குட்டி நாடகங்களை ஒன்றன்பின் ஒன்றாக, சனங்களை முன்னால் இருத்தி நடிப்பார்களாம். ஆரம்பத்தில் எல்லாம் நேரடி ஒளிபரப்பு. நடிகர் வசனத்தை மறந்தால் மறந்ததுதான். பிறகு ஒளிநாடா வந்தது. நாடா விலை கூடிய பொருள் என்பதால், ஒளிபரப்பு முடிந்ததும் பதிவை அழித்து அதிலேயே வேறொன்றைப் பதிவார்கள். ஒரு பகிடியை இரண்டாம் தரம் பார்க்க யாரும் ஆசைப்படுவார்கள் என்று அந்தக் காலத்தில் அவர்கள் நினைக்கவில்லை. அந்த அழிக்கும் வேலைதான் அப்பாவுடையது.

"அழிக்க முன்னம் ஒருக்கா முழுசாப் பாப்பன். இல்லாட்டி மனசுக்கு அந்தரமாக் கிடக்கும்" என்று சொல்லுவார். அப்படிப் பார்த்தால், அந்தத் தொடரின் பல பகுதிகளைக் கடைசியாகப் பார்த்த மனிதர் எங்கள் அப்பா.

பிறகு கொழும்பு திரும்பி, அம்மாவைக் கைப்பிடித்து, எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாம் இழந்து ரொறன்ரோ வந்தார். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்துதான் தம்பியையும் என்னையும் படிப்பித்தார். புதிதாக வந்த எத்தனையோ பேருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். கோபம் வந்தால் கராஜுக்குள் போய் நிற்பாரே தவிர, ஒருவரையும் ஏசியதில்லை.

வீட்டில் பிறந்தநாள் என்றால் அப்பாவின் நாடகம் இல்லாமல் கேக் வெட்டுப்படாது. நாடகம் நடக்கும் இடம் ஒரு படம் பிடிக்கும் கடை. தம்பிதான் படம் பிடிப்பவன். கமராவுக்குப் பின்னால் போர்வையை மூடிக்கொண்டு குனிவான், வெளியே வரமாட்டான். அவனைத் தேடி நான் உள்ளே போவேன், நானும் வரமாட்டேன். வந்திருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிடுவார்கள். கடைசி வாடிக்கையாளர் அப்பா. வெளியே அவர் மட்டும் நிற்பார். பிறகு வீடு அதிரச் சிரிப்புக் கேட்கும். நாடகம் முடிந்துவிடும்.

அது அப்பா கட்டிய கதை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சென்ற குளிர்காலத்தில், அந்தத் தொடரின் வரலாற்றை எழுதும் ஓர் ஆங்கிலேயர் அப்பாவைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் அழைத்தார். படக்கடை நாடகம் அழிந்துபோன ஒரு பகுதியில் இருந்ததாம். நடித்தவர்கள் உயிரோடு இல்லை, எழுத்துப்பிரதியும் இல்லை. முடிவு எவருக்கும் தெரியவில்லை.

அப்போது நோயாய் ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா, கட்டிலில் இருந்தபடியே உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முடிவுக்குக் கிட்ட வந்ததும் களைத்துவிட்டார். தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"மிச்சத்தை நீ சொல்லு பிள்ளை. எத்தினை தரம் நடிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியாததே."

சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்த மனிதரிடம் பிறகு தொலைபேசி எடுக்கிறேன் என்றேன். அப்பா எழும்பியதும் கேட்கலாம் என்று பக்கத்திலேயே இருந்தேன். அன்று பின்னேரமே மூச்சு இழுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை.

முடிவில் அப்பா என்ன செய்வார் என்று தம்பியைக் கேட்டேன். "அக்கா, ஏதோ விழுந்த சத்தம். கதிரையெண்டு நினைக்கிறன், பட் ஐ ஆம் நொட் ஷுவர்" என்றான். எனக்கோ கதவு சாத்திய ஞாபகம். அம்மாவைக் கேட்டேன்.

"நான் எப்பவும் குசினிக்கை அடுப்படியிலதானே நிண்டனான். நீங்கள் சிரிக்கிறது கேட்கும். போய்ப் பாக்கலாமெண்டு நினைப்பன், அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அழுதார்.

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நாங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று நம்பித்தான் அப்பா போயிருக்கிறார்.

அப்பாவைக் கண்ணாய்ப் பார்த்த தாதியருக்கும், செய்தி கேட்டதும் ஓடிவந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் மார்க்கம் நகரிலிருந்தும் ஒஷாவாவிலிருந்தும் சாப்பாடு சுமந்து வந்தவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளில் கூட நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பிறந்தநாள்களில் எங்கள் சோபாவில் இருந்த மாமாமாரே, மாமிமாரே, அயலவர்களே, சரியாக ஞாபகமில்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்து சொல்லுங்கள். போர்வைக்குள் இருந்த நாங்கள் உங்கள் சிரிப்பைக் கேட்டுத்தான் சிரித்தோம். நீங்கள்தான் அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள்.