முருகேசன் சாரின் பாஸ்வேர்டு

ஏ.சி. குளிரில், நனைந்த குடைகளின் வாசம்... குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் கம்ப்யூட்டர் லேப் அப்படித்தான் இருக்கும்.

தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ். யூனிக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் முதல் வேலை. பாஸ்வேர்டு மாற்றவேண்டுமா, மறந்துபோச்சா, எல்லோரும் என் மேஜைக்குத்தான் வரவேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு!

பிசிக்ஸ் முருகேசன் சார் திங்கட்கிழமை தவறாமல் வருவார். சுந்தரபாண்டியபுரத்துக்காரர்.

"மறந்துட்டு மேடம்."

"வாராவாரம் எப்பிடி சார் மறக்குதீங்க?"

"பாடம் நடத்துததுல எல்லாம் போயிருது..."

சிரித்துக்கொண்டே புதுசு போட்டுக் கொடுப்பேன். அவர் போனபிறகு மேஜையில் இரண்டு மங்குஸ்தான் இருக்கும். திங்கட்கிழமைக்கென்று நல்ல சேலையாக எடுத்து வைப்பேன். இப்போது சொல்வதில் என்ன வெட்கம்...

கூட்டம் தாங்காமல் எச்.ஓ.டி. ஒருநாள், "ஏம்மா, பிரவுசர்லயே அவங்கவங்க மாத்திக்கிடுத மாதிரி ஒரு பேஜ் போட்டுருங்களேன்" என்றார்.

போட்டேன். பழைய பாஸ்வேர்டு, புதுசு, மறுபடியும் புதுசு. பழையதை மறந்தவர்கள் மட்டும் என்னிடம் வரவேண்டும். அந்த வரியை டைப் செய்யும்போது யாரை நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஸ்டாஃப் ரூமில் பேஜைக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுல்லா மேடம்" என்றார் முருகேசன் சார்.

"ஆமா சார்!" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாகை, சாயங்காலம் திறந்து பார்த்தேன். அவர் பாஸ்வேர்டு மாறியிருந்தது. முதல் தடவையிலேயே.

பழையதைச் சரியாக அடிக்காவிட்டால் அந்தப் பேஜ் புதுசை ஏற்காது. மனுஷன் ஒருநாளும் மறக்கவே இல்லை... அவரைத் தொந்தரவு என்று நினைத்துத்தான் நான் அதைப் போட்டேன் என்று எடுத்துக்கொண்டார் போல.

மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான் பிசிக்ஸ் பிளாக். நாலு எட்டு நடந்தால் போதும். என்னவென்று போய்ச் சொல்வது? அந்த வருஷமே சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

இன்றைக்கு ஓடிபி வருகிறது, பாஸ்வேர்டு மாறுகிறது. நானும் வீட்டில் இருந்தபடியே சர்வர் பார்க்கிறேன். யாரும் யார் வாசலிலும் செருப்பைக் கழற்றுவதில்லை. வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை.

போன வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். மங்குஸ்தான் கூடையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது...

அந்தப் பேஜில் ஒரு தப்பாவது விட்டிருக்கலாம் நான்.