ஜப்பான் மரமும் சந்தை நாள் கான்ஸ்டபிளும்

போன வாரம் எங்கள் ஊர்க் கான்ஸ்டபிள் பொன்னுசாமி மாற்றலாகி மேச்சேரிக்குப் போனார். பஸ் ஏற்றிவிடப் போனவன் நான் ஒருவன்தான். திரும்பி வரும்போது கண் கொஞ்சம் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, போலீஸ்காரரு ஊரை உட்டுப் போனா நாலு பேரு சிரிப்பாங்க. நீங்க என்னுங்க மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு வாரீங்க?" என்றாள் என் மனைவி பாவாயி.

அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பாள். உங்களுக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷம் நான் சொல்லவில்லை. உலகச் சண்டை முடிகிற வரையில் சொல்லியிருக்கவும் முடியாது.

விஷயம் ஒரு படத்தில் ஆரம்பிக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு நாள் வாசகசாலை மேஜையில் பழைய இங்கிலீஷ் மாசப் பத்திரிகை ஒன்று கிடந்தது. அதில் ஒரு தட்டு. தட்டில் ஒரு மரம். வேர் புடைத்து, கிளை படர்ந்து, நூறு வயதுத் தோரணை — உயரம் மட்டும் ஒரு முழம். ஜப்பானில் இப்படி வளர்க்கிறார்களாம். பொன்ஸாய் என்று பெயராம். 'விதையிலிருந்தும் ஆரம்பிக்கலாம்' என்று கீழே ஒரு வரி. அதற்குப் பிறகு பக்கம் கிழிந்திருந்தது.

மீதியை நானே ஊகித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நடந்த விபத்துகளெல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பமாகியிருக்கின்றன... மீதியை ஊகிக்கிற இடத்தில்.

படத்தில் இருந்தது பைன் மரம். கொல்லிமலை அடிவாரத்தில் பைனுக்கு எங்கே போவது? அன்றைக்குப் பாவாயி புளி தட்டிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடி கொட்டையை அள்ளினேன். விரிசல் விட்டதென்று அவள் ஒதுக்கிப் போட்ட அகலமான கல்சட்டி ஒன்று இருந்தது. அதில் செம்மண்ணும் மணலும் ஆட்டெருவும் போட்டு ஊன்றினேன். நாலு முளைத்தன. ஒன்று அழுகிப்போயிற்று, இரண்டைக் கோழி கொத்திவிட்டது. மிஞ்சியது ஒன்று. சட்டி சின்னதாக இருந்தால் மரமும் சின்னதாக இருக்கும் — நான் ஊகித்த சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். டிராயிங் மாஸ்டர் கை சும்மா இருக்குமா? வீட்டில் ஒரு ஜப்பான் பீங்கான் கோப்பை. அதன் அடியில் மூன்று எழுத்து. கல்சட்டியோ மாக்கல், பேனாக்கத்தி பட்டாலே இழைந்து கொடுக்கும். மூன்று எழுத்தையும் சட்டியின் முன்பக்கத்தில் அழகாகச் செதுக்கினேன். அர்த்தம் என்னவென்று கேட்காதீர்கள். அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

வாசலில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் 'ஜப்பான் மரம்' என்றேன். எதிர்வீட்டு மாரப்பன் குனிந்து பார்த்தான்.

"புளியங்கன்னு மாதிரி இருக்குதுங்களே, வாத்தியாரே."

"மாதிரிதான் இருக்கும். இது ஜாதியே வேற."

"எல புளிதானுங்களே?"

"எல புளிதான். மரம் ஜப்பான்."

மாரப்பன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பான், பாவம்.

அவனோடு நிறுத்தினேனா? இந்தப் பத்திரிகையில் வாரா வாரம் நான் எழுதும் இதே பத்தியில் 'என் வீட்டில் ஒரு குட்டி ஜப்பான்' என்று தலைப்புப் போட்டு, செதுக்கிய எழுத்து உள்பட எல்லாவற்றையும் வர்ணித்து எழுதினேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மறந்திருந்தால் மிகவும் சந்தோஷம்.

சில மாசம் கழித்து ஜப்பான்காரன் சண்டையில் குதித்தான்.

சிங்கப்பூர் போயிற்று. ரங்கூன் போயிற்று. குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் பெட்டி படுக்கையோடு நாமக்கல் பக்கம் வந்து இறங்கினார்கள். எங்கேயோ யாரோ ஜப்பான் ரேடியோ கேட்டாராம், ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்களாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தத் தேசத்தின் பெயரைச் சொல்லுமுன் ஆட்கள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டு வாசலிலோ... சட்டி நிறைய ஜப்பான்.

நான் வாங்குவது ஜில்லா போர்டு ஸ்கூல் சம்பளம். 'எதிரி நாட்டு மரம் வளர்க்கிறான்' என்று ஒரு வரி மேலே போனால் போதும், வேலை போய்விடும். வேலை மட்டும் போனால் பரவாயில்லை. அதன் பின்னாலேயே நானும் போக வேண்டியிருக்குமே, வேலூர் ஜெயிலுக்கு?

முதல் காரியமாக அந்த மூன்று எழுத்தையும் சுரண்டினேன். எழுத்து இருந்தவரை யார் கண்ணிலும் படாத இடம், சுரண்டிய பிறகு வெள்ளை வெளேரென்று, 'இங்கே என்னமோ இருந்தது' என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லியது. பயந்துபோய்ச் சட்டியைத் தூக்கிக் கொல்லைச் சுவர்மேல் வைத்தேன். வாசலில் இருந்தால் அது செடி. கொல்லையில் இருந்தால் ஒளித்து வைத்த செடி. இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு கன்னுக்காவா சோறு தண்ணியில்லாம கெடக்கறீங்க? புடுங்கி எருக்குழில போடுங்க" என்றாள் பாவாயி.

"புடுங்கினா சாட்சியத்த அழிச்ச மாதிரி ஆயிரும்."

"அப்ப இருக்கட்டும், உடுங்க."

"இருந்தா சாட்சியம் இருக்குதே, பாவாயி."

"செரி, அப்ப நீங்க எருக்குழிக்குப் போங்க. நான் கன்னுக்குத் தண்ணி ஊத்தறேன்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் கொழுந்து காணாமல் போயிற்று.

உச்சியில் செக்கச்செவேலென்று துளிர்த்திருந்ததை யாரோ கிள்ளியிருந்தார்கள். ஆடாக இருக்குமோ? ஆடு மேய்ந்தால் இலை மிஞ்சாது. இது நகத்தால் கிள்ளியது. சுத்தமான வேலை. அடுத்த வாரம் மறுபடியும். அதற்கடுத்த வாரம் பக்கக் கிளைகளிலும். நாள் பார்த்தேன். எல்லாம் செவ்வாய்க்கிழமை. சந்தை நாள். வெளியூர் ஆட்கள் நடமாட வசதியான நாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. சாம்பிள் எடுக்கிறார்கள். கொழுந்து ஒரு உறையில் போகிறது. உறை சேலம் போகிறது. சேலத்திலிருந்து சென்னை. அங்கே ஒரு துரை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, 'அசல் ஜப்பான்' என்று கையெழுத்துப் போடுகிறார்.

அப்புறம் யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர் பக்கத்தில் வந்து, "செடி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். பத்து வருஷத்தில் என் பிள்ளைகளைக்கூட விசாரிக்காத மனிதர். செடியை மட்டும் ஏன் விசாரிக்கிறார்?

"எந்தச் செடி?" என்றேன்.

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை. மாரப்பன் துண்டை உதறினால் இலை விழுகிறதா என்று பார்த்தேன். ஒரு நாள் குழம்பில் புளிப்புத் தூக்கலாக இருந்தது. பாவாயியின் கை நகத்தைப் பார்த்தேன்.

"என்னுங்க பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"சோத்தப் பாத்துத் தின்னுங்க."

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை, எழுதும்போதே வலித்தது. எங்கள் கொல்லைச் சுவருக்கு வெளியே ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் மாரப்பனுடைய களத்தில் சோளத்தட்டுப் போர். அதற்குள் புகுந்து உட்கார்ந்தேன். உள்ளே போன பிறகுதான், சோளத்தட்டில் எத்தனை விதமான எறும்பு குடியிருக்கிறது என்று தெரிந்தது.

உச்சிவெயில் நேரம். சந்தில் சைக்கிள் சத்தம். எட்டிப் பார்த்தேன். சிவப்புத் தலைப்பாகை. காக்கி. கான்ஸ்டபிள் பொன்னுசாமி.

சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். செடியைப் பார்த்தார். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பிறகு கையை நீட்டிக் கொழுந்தைக் கிள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று... உறையை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. மூன்றையும் வாயில் போட்டு மென்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சப்புக்கொட்டினார். அப்புறம் நோட்டில் எழுதினார்.

சாட்சியத்தைத் தின்கிற போலீஸை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆச்சரியத்தில் எழுந்து நின்றுவிட்டேன். தலையெல்லாம் சோளத்தட்டு.

அவர் திடுக்கிடவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, போருக்குள்ள என்னுங்க பண்றீங்க?" என்றார்.

"மாட்டுக்குத் தட்டு எடுக்க வந்தனுங்க."

"உங்க ஊட்ல மாடு இல்லீங்களே."

"ஆமாங்க."

"இது மாரப்பன் போருங்களே."

"அதும் ஆமாங்க."

இதற்குமேல் மறைப்பதில் பிரயோசனம் இல்லை என்று பட்டது. அவர் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் ராஜ விசுவாசி. எனக்கு ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடத் தெரியாது. எழுத்து கோப்பையில் பார்த்துச் செதுக்கியது. அந்தக் கோப்பையையும் நேற்றே உடைத்தாயிற்று. "அது ஜப்பான் மரமே இல்லீங்க. புளி. பாவாயி குழம்புக்குக் கரைக்கற புளிங்க. வேணும்னா மாரப்பனக் கேளுங்க. அவன் மொதல்லயே சொன்னானுங்க."

"அதையேதானுங்க நானும் எழுதீட்டிருக்கறேன்" என்று நோட்டை நீட்டினார். பக்கத்துக்கு ஒரு தேதி, தேதிக்கு ஒரே வாசகம். 'மரத்தைப் பார்வையிட்டேன். கொழுந்து தின்று பார்த்தேன். புளி.'

"ஒரு தடவை தின்னாத் தெரியாதுங்களா?" என்றேன்.

"வாரா வாரம் ரிப்போர்ட்டு கேக்கறாங்க. வாரா வாரம் தின்னுதானுங்களே ஆகோணும்? போன வாரம் புளியா இருந்துச்சு, இந்த வாரமும் புளிதானான்னு கேட்டா நான் என்னுங்க சொல்றது?"

நியாயம்தான். அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி ஞாபகம் வந்தது.

"அப்ப யாரோ எழுதிப் போட்டிருக்கறாங்க... மொட்டைக் கடுதாசிங்களா?"

"மொட்டையில்லீங்க. கீழ பேரு இருக்குது."

நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தார். பத்திரிகையில் கத்தரித்தது. மேலே 'என் வீட்டில் ஒரு குட்டி ஜப்பான்'. கீழே என் பெயர். என்னைக் காட்டிக்கொடுத்த துரோகிக்கு எழுத்து நடை நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இன்ஸ்பெக்டரு ஊட்டம்மா உங்க எழுத்த ஒரு வாரம் உட மாட்டாங்க. சிரிச்சுச் சிரிச்சு ஐயாவுக்கும் படிச்சுக் காட்டினாங்களாமா. ஐயாவுக்குச் சிரிப்பு வரலீங்க."

மாசக்கணக்கில் நான் தேடிய ஒற்றன், தினமும் காலையில் என் கண்ணாடியில் முகம் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"அப்ப இப்பவே இதப் புடுங்கிப் போட்டர்றனுங்க" என்று சட்டியை நோக்கிக் கை நீட்டினேன்.

பொன்னுசாமி குறுக்கே கையை வைத்தார். "அப்படிப் பண்ணீராதீங்க. புடுங்கினீங்கன்னா 'மேற்படி மரம் தலைமறைவு'ன்னு நான் எழுதோணும். அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நான் வாரேன், திங்கறேன், எழுதறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

அப்படித்தான் மூன்று வருஷம் நடந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார், தின்றார், எழுதினார். என் வேலை பிழைத்தது. நானும் அந்த மூன்று வருஷம் இந்தப் பத்தியில் மூட்டைப்பூச்சியையும் பல்வலியையும் தவிர வேறு எதையும் எழுதவில்லை — கவனித்தீர்களா? மூட்டைப்பூச்சி எந்தத் தேசத்தோடும் சண்டையில் இல்லை.

மரத்தைத்தான் நான் கவனிக்கவில்லை. போன தையில் பண்டிதர் வீட்டுக்கு வந்தார். கொல்லைக்குப் போய்ச் சுவரருகே நின்றவர் வெகுநேரம் நகரவேயில்லை. நானும் போய்ப் பார்த்தேன். அடிமரம் என் கட்டைவிரலைவிடப் பருமன். கிள்ளின இடத்திலெல்லாம் இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, குடை பிடித்த மாதிரி ஒரு முழ உயரத்தில் ஒரு முழுப் புளியமரம். கீழே சாலையும் இரண்டு வண்டியும் இல்லாததுதான் குறை. அந்தப் படத்தில் பார்த்தேனே, அச்சாக அதுவேதான்.

பண்டிதர் மடியிலிருந்து ஒரு கிழிந்த காகிதத்தை எடுத்தார். "வாசகசாலைப் புத்தகம் ஒன்றில் அடையாளத்துக்கு வைத்திருந்தார்கள். உங்களிடம் தரலாம் என்றுதான் அன்றைக்குச் செடியை விசாரித்தேன். நீங்கள் 'எந்தச் செடி' என்று கேட்டீர்களே... நமக்கேன் வம்பு என்று வைத்துக்கொண்டேன்."

அது அந்தப் பக்கத்தின் மீதி. 'தளிரை இடைவிடாமல் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதற்கு மனம் வராது' என்று எழுதியிருந்தது.

"இருந்தாலும் உங்கள் கை நல்ல கை" என்றார் பண்டிதர்.

"ஏதோ பொழுதுபோக்கு" என்றேன். சமையலறையிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. "பைலை மூடியாச்சுங்க வாத்தியாரே. இனி உங்க மரத்து மேல ஒரு சந்தேகமும் இல்லீங்க" என்றார் பொன்னுசாமி, பஸ் படியில் நின்றுகொண்டு, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. மேச்சேரியில் ஆடுகள் அதிகம். கொழுந்துக்கு அவருக்குப் போட்டி இருக்கும்.

ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் உச்சியில் நாலு துளிர், விரல் நீளத்துக்குக் கொம்பு மாதிரி நிற்கிறது. கிள்ளப் போனேன். நகம் பட்டதும் மனசு வரவில்லை. பாவாயியிடம் கிள்ளச் சொன்னால், "தொவையலுக்குப் பத்தாதுங்க" என்கிறாள். பொன்னுசாமிக்குப் பதிலாக வந்திருப்பவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். அவரைக் கூப்பிட்டு மரத்தைக் காட்டி, "கொஞ்சம் தின்று பாருங்கள்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகம்தான், ஆனால் மரத்தின் மேல் இல்லை. பல் கூசும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனவே, ஸ்டேஷனில் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைப்பவர்களின் மேலான கவனத்துக்கு: என் மரம் மறுபடியும் ஜப்பான் பக்கம் சாய்கிறது.